பில்பாக்ஸ் தேடிப் போகிறீர்களா? வரைபடத்திலிருந்து பதிவேடு வரை ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் கால்வாய்க் கரையிலோ, கோதுமை வயலின் ஓரத்திலோ, கடற்கரை மணலில் பாதி புதைந்தோ ஆறு மூலை வைத்த கான்கிரீட் கூடு ஒன்று கண்ணில் படும். சன்னல் என்று சொல்ல முடியாத சின்னத் துளைகள், குனிந்து நுழைய வேண்டிய வாசல், உள்ளே கும்மிருட்டு. இதற்குத்தான் பில்பாக்ஸ் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை கரையிறங்கிவிடும் என்று அஞ்சி 1940 கோடையில் அவசர அவசரமாகக் கட்டிய காவலரண்கள் இவை. ஏறக்குறைய 28,000 கட்டினார்கள், 6,500 அளவில் மிஞ்சியிருக்கின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வரலாறு இத்துடன் போதும்.

ஒரு பில்பாக்ஸைப் பார்ப்பது எளிது. பார்த்ததை, அந்த வட்டாரப் பதிவேடு ஏற்றுக்கொள்ளும் தகவலாக மாற்றுவதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். படம் இருக்கும், இடம் சரியாகக் குறித்திருக்காது. அளவு இருக்கும், எதை எங்கிருந்து அளந்தார்கள் என்பது இருக்காது. இல்லையென்றால் எல்லாம் இருந்தும் நிலக்காரரிடம் கேட்காமல் வேலி தாண்டியிருப்பார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் இந்த மூன்றும் நேராது.

1. முதல் இரண்டு மாலைகள் வீட்டில்தான்

காலணி மாட்டுவதற்கு முன் கணினி. எல்லாமே இலவசம்.

முதலில் 'டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்' தரவுத்தளம். போர்க்காலக் காவல் கட்டுமானங்களின் பட்டியல் இது, 1995 முதல் 2001 வரை தன்னார்வலர்கள் நாடு முழுக்க அலைந்து திரட்டியது. ஏறக்குறைய 20,000 பதிவுகள் உண்டு. ஆர்க்கியாலஜி டேட்டா சர்வீஸ் தளத்தில் தேடலாம், கூகுள் எர்த்தில் புள்ளிகளாகவும் திறக்கலாம். அதன் பிறகு அந்தந்தக் கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ரெக்கார்ட், அதாவது பழைய கட்டுமானங்களுக்கான வட்டாரப் பதிவேடு. எல்லோரும் ஹெச்.இ.ஆர். என்றுதான் சொல்வார்கள். பல கவுன்டிகளின் பதிவுகளை ஹெரிடேஜ் கேட்வே தளத்தில் ஒரே இடத்தில் தேடலாம். ஸ்காட்லாந்துக்கு ட்ரோவ் தளம் (பழைய கேன்மோரின் இடத்தில் வந்தது), வேல்ஸுக்கு காஃப்லைன், ஆர்க்விலியோ.

மூன்றாவதாக, அந்தக் கட்டடம் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்து என்றால் நேஷனல் ஹெரிடேஜ் லிஸ்ட். 'லிஸ்டட்' (பட்டியலிட்ட பாரம்பரியக் கட்டடம்), 'ஷெட்யூல்டு' (பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம்) இரண்டும் வேறு வேறு. எதுவாக இருந்தாலும் பார்க்கப் போவதற்குத் தடை இல்லை, சேதம் செய்தால் குற்றம். ஷெட்யூல்டு இடத்தில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாக ஒரு குற்றம். அந்தக் கருவியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கடைசியாகப் பழைய வரைபடங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம் இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்தே தருகிறது. பழைய ஆர்டனன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) தாளையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். போர்க்காலத்தில் அச்சான தாள்களில் ராணுவக் கட்டுமானம் எதையும் காட்ட மாட்டார்கள். 1950, 60களில் வந்த பெரிய அளவுத் தாள்களில் 'பில் பாக்ஸ்' என்றே எழுதியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். 1940களின் வான்படங்கள் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் தளத்திலும் எடின்பரோவில் உள்ள தேசிய வான்படச் சேகரத்திலும் இருக்கின்றன. டாங்கித் தடுப்பு அகழிகளில் பெரும்பாலானவற்றைப் பின்னாளில் மூடிவிட்டார்கள், அவற்றைக் கண்டுபிடிக்க வான்படம் நல்ல வழி.

இங்கே இரண்டு கண்ணிகள். ஒன்று, 'டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்' தரவுத்தளத்தில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று இருந்தால் அது 1990களின் நிலை. அதற்குப் பிறகு சாலை அகலமாகியிருக்கும், பாறை விளிம்பு சரிந்திருக்கும். இரண்டு, கிரிட் எண், அதாவது வரைபடக் கட்டங்களில் இடத்தைக் குறிக்கும் எண். ஆறு இலக்க எண் 100 மீட்டர் சதுரத்தையே குறிக்கும், புள்ளியை அல்ல. முட்புதர் அடர்ந்த இடத்தில் 100 மீட்டர் என்பது அரை நாள் வேலை. எட்டு இலக்கம் என்றால் 10 மீட்டர், பத்து இலக்கம் என்றால் 1 மீட்டர். முதல் பாதி கிழக்கு, இரண்டாம் பாதி வடக்கு. மாற்றிப் படித்தால் பக்கத்து ஊரில் போய் நிற்பீர்கள்.

2. இராணுவப் பொறியாளரைப் போல வரைபடத்தைப் படியுங்கள்

பில்பாக்ஸ் தனியாக நிற்பதற்காகக் கட்டியதல்ல. டாங்கியை நிறுத்தும் தடை ஒன்று அருகில் இருக்கும். ஆறு, கால்வாய், ரயில் மேடு, வெட்டிய அகழி, எதுவானாலும் அந்தத் தடையைக் கடக்கிறவனைச் சுடுவதுதான் பில்பாக்ஸின் வேலை. ஆகவே முதலில் தடையைத் தேடுங்கள், அடுத்து அதைக் கடக்க வழியுள்ள இடங்களை: பாலம், மதகு, ஆழமில்லாத துறை. அங்கேதான் பில்பாக்ஸ் இருக்கும், அதுவும் தற்காப்பாளர் பக்கத்துக் கரையில். கென்னட்-ஏவன் கால்வாய் ஓரம் பெரும்பாலானவை வடகரையில் நிற்பதற்குக் காரணம், எதிரி தென்கடற்கரையிலிருந்து ஏறி வருவான் என்ற கணக்கு.

இப்படிக் கோத்த வரிசைகளுக்கு ஸ்டாப் லைன் என்று பெயர். லண்டனையும் தொழில் நகரங்களையும் காக்கப் போட்ட ஜி.ஹெச்.க்யூ. (ராணுவத் தலைமையகம்) லைன் பெரியது. டெவன் கடற்கரையில் சீட்டன் அருகே தொடங்கி வடக்கே பிரிஸ்டல் கால்வாய்க் கடல்வரை போகும் டாண்டன் ஸ்டாப் லைன் ஏறத்தாழ 50 மைல். ஒரு பில்பாக்ஸைக் கண்டுபிடித்துவிட்டால், அதன் சுடுதுளைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று வெளியே நின்றே கவனியுங்கள். துப்பாக்கிச் சூட்டின் பரப்பு ஒன்றையொன்று தொடும்படி அடுத்ததை வைத்திருப்பார்கள். நீண்ட இடைவெளி வந்தால் 'இடித்துவிட்டார்கள்' என்று உடனே எழுதிவிடாதீர்கள். அங்கே அப்போது சதுப்பு இருந்திருக்கலாம், அதுவே தடை.

கூடவே சின்னச் சின்ன மிச்சங்களையும் தேடுங்கள். பாலத்தின் இரு பக்கமும் வேலிக்குள் உருட்டிவிட்ட கான்கிரீட் உருளைகள், கனசதுரக் கட்டைகள், கூம்புகள் எல்லாம் சாலையை அடைக்க வைத்தவை. இடுப்பளவு உயரக் கான்கிரீட் உருளை, உச்சி லேசாகக் குவிந்து நடுவில் ஒரு எஃகு முளை நீட்டிக்கொண்டிருந்தால் அது ஸ்பிகட் மார்ட்டர் என்ற குண்டெறி கருவியின் பீடம். துருப்பிடிக்காத எஃகு என்பதால் எண்பது ஆண்டு மழைக்குப் பிறகும் முளை பளபளவென்றிருக்கும். பலர் இதைப் பழைய கிணற்று மூடி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதிவேட்டுக்கு பில்பாக்ஸைவிட இந்த மாதிரிச் சில்லறைகள்தான் அதிகம் தேவை, ஏனென்றால் இவைதான் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன.

3. நிலம் யாருடையது? இதைத் தீர்க்காமல் கிளம்ப வேண்டாம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுப் பாதை, 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்துவிட்ட நிலம், கடற்கரைப் பாதை ஆகியவற்றில் நடக்கலாம். பில்பாக்ஸ் பாதையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி வயலுக்குள் இருந்தால் அந்த இருபது மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தாராளமானது, ஆனால் அந்த உரிமை நிலத்துக்குத்தான், கட்டுமானத்துக்குள் நுழைவதற்கு அல்ல. ரயில் தண்டவாள ஓரம் போனால் அது நேரடிக் குற்றம். படைத்துறைப் பயிற்சி நிலத்தில் சிவப்புக் கொடி பறந்தால் திரும்பிவிடுங்கள்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் முறை: முதலில் பக்கத்துப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பத்தில் எட்டுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். கிடைக்கவில்லையென்றால் அரசின் லேண்ட் ரெஜிஸ்ட்ரி தளத்தில் வரைபடத்தைச் சுட்டித் தேடி டைட்டில் ரெஜிஸ்டர் (உரிமையாளர் பெயர் உள்ள தாள்) வாங்கலாம். 2024 டிசம்பரில் கட்டணம் 3 பவுண்டிலிருந்து 7 பவுண்டாக உயர்ந்தது. எல்லையைக் காட்டும் டைட்டில் பிளானுக்குத் தனியாக 7. தேடுபொறியில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்கள். அதே தாளுக்கு இருபது, முப்பது பவுண்டு வாங்கிவிடுவார்கள். முகவரி அரசுத் தளத்துடையதுதானா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறாத பண்ணை நிலம் பதிவாகாமலே இருக்கக்கூடும். அப்போது இந்த ஏழு பவுண்டையும் செலவழிக்க வேண்டியதில்லை, ஊர்ப் பாரிஷ் கவுன்சில் எழுத்தரைக் கேளுங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். நீங்கள் யார், எந்தக் கட்டுமானம் (வரைபடத் துண்டு ஒன்றை இணையுங்கள்), எந்த நாள், எத்தனை பேர், எவ்வளவு நேரம், தோண்ட மாட்டேன், எதையும் எடுக்க மாட்டேன், நாய் வராது, என் பொறுப்பில் வருகிறேன், எடுத்த படங்களின் பிரதி தருகிறேன். கடைசி வரிக்குத்தான் பல விவசாயிகள் சம்மதிக்கிறார்கள். பதில் வர மூன்று வாரம் கொடுங்கள். ஆட்டுக்குட்டி ஈனும் வசந்தகாலத்திலும் ஆகஸ்ட் அறுவடையிலும் கேட்டால் 'முடியாது' என்றுதான் வரும். ஃபெசன்ட் பறவை வேட்டைப் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. அந்த நாட்களில் காட்டோரப் பில்பாக்ஸுக்குப் போவதென்றால் எந்தக் கிழமை சுடுகிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

4. எந்த மாதம், எந்த நேரம்

கோடையில் முள்ளும் காஞ்சொறியும் கூரைவரை ஏறியிருக்கும், ஒன்றும் தெரியாது. இலை உதிர்ந்த நவம்பரிலிருந்து மார்ச் வரை வெளிப்புறத்தைப் பார்க்கச் சரியான காலம். சிக்கல் என்னவென்றால், வௌவால்கள் குளிர்காலத் தூக்கத்துக்கு இந்தக் கூடுகளைத் தேர்ந்தெடுப்பதும் அதே மாதங்களில்தான். உறங்கும் வௌவாலைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். வரம்பில்லாத அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ கிடைக்கலாம். ஆகவே குளிர்காலத்தில் வெளிப்புறம் மட்டும், உள்புறத்துக்கு ஏப்ரல் அல்லது அக்டோபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வாசலில் நின்று டார்ச்சைத் தரையை நோக்கி அடித்துப் பாருங்கள். தரையில் மிளகுபோல் கருப்பு எச்சம் சிதறியிருந்தால், சுவர் வெடிப்பில் எண்ணெய்க் கறை இருந்தால், அப்படியே திரும்பிவிடுங்கள். வாசலில் இரும்புக் கம்பிக் கதவு போட்டுக் கிடைமட்டமாகப் பிளவு விட்டிருந்தால் அது வௌவாலுக்கென்றே மாற்றிய இடம். வசந்தத்தில் கூடு கட்டிய பறவைகளுக்கும் இதே மரியாதை.

கடலோரம் என்றால் நாட்காட்டியைவிட, கடல் நீர் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை முக்கியம். எடின்பரோ அருகே கிராமண்ட் தீவுக்குப் போகும் கல்பாதையை ஒட்டி வரிசையாக நிற்கும் கான்கிரீட் தூண்கள் படகு தடுக்க வைத்தவை. ஓதம் ஏறினால் அந்தப் பாதையே முழுகிவிடும், ஆண்டுதோறும் யாராவது மாட்டிக்கொள்கிறார்கள். வற்றம் முடியும் நேரத்தில் அல்ல, வற்றிக்கொண்டிருக்கும்போது போய், ஓதம் மறுபடி ஏறும் முன் வெளியேறுங்கள். கென்ட்டின் ஷெப்பி தீவில் வார்டன் பாயிண்ட், எஸ்ஸெக்ஸின் வால்டன் நேஸ் ஆகிய இடங்களில் மேலே பாறை விளிம்பில் இருந்த பில்பாக்ஸ்கள் இன்று கடற்கரையில் சாய்ந்து கிடக்கின்றன. கீழிருந்து பார்க்கலாம். மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம், அந்த மண் வெண்ணெய் மாதிரி.

நாளின் நேரமும் கவனிக்க வேண்டியதுதான். காலை ஒன்பதுக்கு முன், மாலை வெயில் சாயும்போது, பக்கவாட்டு ஒளியில் சென்ட்ரிங் பலகைத் தடங்கள் மேலெழுந்து தெரியும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் வெறும் சாம்பல் சுவர்தான் இருக்கும்.

5. பையில் என்னென்ன

ஐந்து மீட்டர் அளவுநாடா ஒன்று, முப்பது மீட்டர் நாடா ஒன்று. பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த ஒரு மீட்டர் குச்சி. கடையில் வாங்க வேண்டாம், மரச் சட்டத்தில் நீங்களே அடிக்கலாம். திசைகாட்டி, இரண்டு டார்ச், தலைக்கவசம், கணுக்கால் மூடும் காலணி, தடித்த கையுறை, பென்சில், கட்டம் போட்ட நோட்டு. பேனா மழையில் ஓடும். கிரிட் எண் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிவிட்டு, சிக்னல் இல்லாத இடத்துக்காக வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சொல் முகவரி தரும் செயலி வேண்டாம், ஹெச்.இ.ஆர். கேட்பது தேசிய கிரிட் எண்.

தனியாகப் போகாதீர்கள். போயே ஆக வேண்டும் என்றால் எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

6. உள்ளே நுழையும் முன்

வாசல் தாழ்வு. அதைவிட, உட்புறத் தரை எண்பது ஆண்டுச் சேறு, ஆட்டுச் சாணம், கண்ணாடிச் சில்லு, இவற்றுக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. குச்சியால் குத்திப் பார்த்து அடி வையுங்கள். கூரையில் கம்பி துருப்பிடித்து ஊதிக் கான்கிரீட்டைத் தட்டுத் தட்டாகத் தள்ளியிருந்தால் அதன் கீழ் நிற்காதீர்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் உள்ளே இறங்கவே வேண்டாம்.

வெடிபொருள் அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. அதிகம் அறியப்படாதது ஒன்று உண்டு: 76ஆம் எண் எரிகுண்டு. பார்த்தால் வெடிகுண்டு மாதிரியே இருக்காது. கையடக்கமான அரை பின்ட் கண்ணாடிப் புட்டி, சோடா புட்டிபோல் நெளிவு மூடி, உள்ளே அடுக்கடுக்காக மஞ்சள் கலந்த திரவம், அடியில் ஒரு ரப்பர் துண்டு. கையால் எறிவதற்குச் சிவப்பு மூடி, குழலில் வைத்து எய்வதற்குப் பச்சை மூடி. உள்ளே வெள்ளைப் பாஸ்பரஸும் பென்சீனும். உடைந்து காற்றுப் பட்ட கணமே தானாகத் தீப்பிடிக்கும். ஹோம் கார்டு என்ற உள்ளூர்த் தன்னார்வப் படையினர் இவற்றைப் பெட்டி பெட்டியாக மண்ணில் புதைத்து வைத்தார்கள், சில இடங்கள் மறந்தே போயின. பழைய மருந்துப் புட்டி என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, விலகிப் போய் அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள். கடற்கரையில் இருந்தால் கோஸ்ட்கார்டை (கடலோரக் காவல் படை) கேளுங்கள்.

7. எந்த வகை?

1940இல் போர் அலுவலகத்தின் எஃப்.டபிள்யூ.3 என்ற பிரிவு வெளியிட்ட வரைபட எண்கள்தான் இன்றும் வகைப் பெயர்களாகப் புழங்குகின்றன. முக்கியமானவை:

வகை 22: ஆறு பக்கமும் சமம், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் அளவில். ஒரு பக்கம் வாசல், மற்ற ஐந்திலும் சுடுதுளை.

வகை 24: அதிகம் காணக் கிடைப்பது. ஆறு பக்கம்தான், ஆனால் வாசல் இருக்கும் பின்பக்கம் மட்டும் நீளம், சுமார் 4.3 மீட்டர். மற்றவை 2.1 முதல் 2.4 வரை. வாசலுக்கு இரு பக்கமும் சின்னச் சுடுதுளைகள்.

வகை 23: நீள்சதுரம், ஒரு பாதிக்குக் கூரை, மறு பாதி விமானத்தைச் சுடத் திறந்தவெளி. லிங்கன்ஷயரில் அதிகம்.

வகை 25: வட்டம், விட்டம் 2.4 மீட்டர். நெளித்தகரத்தைச் சென்ட்ரிங்காக வைத்து ஊற்றியதால் வெளிச்சுவர் அலை அலையாக இருக்கும்.

வகை 26: 3 மீட்டர் சதுரம். வகை 27: பெரியது, நடுவில் கூரையில்லாத கிணறுபோல் ஒரு குழி. வகை 28: டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்கு, முன்னால் அகன்ற திறப்பு. பக்கத்தில் காலாட்படை அறையும் ஒட்டியிருந்தால் 28ஏ.

22ஐயும் 24ஐயும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களின் முதல் தவறு. கண்ணால் முடிவு செய்யாதீர்கள், பின்சுவரையும் பக்கத்துச் சுவரையும் அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது தவறு, எல்லாவற்றையும் ஏதாவது ஓர் எண்ணுக்குள் திணிப்பது. அந்தந்த வட்டாரப் பொறியாளர்கள் கையிலிருந்த மரத்துக்கும் செங்கல்லுக்கும் ஏற்ப மாற்றிக் கட்டினார்கள். கிழக்கு யார்க்ஷயரில் சாய்சதுர வடிவமே தனி. எண் பொருந்தாவிட்டால் '24ஐப் போன்றது, பக்கங்கள் இவ்வளவு' என்று எழுதுங்கள். மூன்றாவது, பில்பாக்ஸே அல்லாதவை. வான்தாக்குதல் தங்குமிடம், ஜெனரேட்டர் அறை, பனிப்போர்க்காலக் கண்காணிப்பு நிலையம் எல்லாம் கான்கிரீட்தான். சுடுதுளை இல்லையென்றால் ஒருமுறை யோசியுங்கள். நார்ஃபோக்கில் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கட்டிய வட்ட பில்பாக்ஸ்கள் முதல் உலகப் போர்க் காலத்தவை, அவற்றை வகை 25 என்று எழுதிவிடக் கூடாது.

மாறுவேடம் போட்டவையும் உண்டு. நார்தம்பர்லாந்தின் ட்ரூரிஜ் கடற்கரையில் ஒன்று இடிந்த குடிசை மாதிரி. சசெக்ஸின் பெவன்சி கோட்டையில் ரோமானியச் சுவர் இடிபாட்டுக்குள்ளேயே அதே கல்லால் மறைத்து இயந்திரத் துப்பாக்கி நிலைகளை வைத்தார்கள். எங்கே என்று தெரிந்துகொண்டு போனாலும் கண் இரண்டுமுறை தேடும்.

8. அளவும் படமும்

முதலில் வெளியே ஒரு சுற்று, கடிகாரத் திசையில், வாசல் பக்கத்தை 1 என்று வைத்து ஒவ்வொரு முகத்துக்கும் எண் கொடுங்கள். நோட்டில் வடிவத்தை வரைந்து எண்களை எழுதிய பிறகுதான் நாடா. ஒவ்வொரு முகத்தின் நீளம், தரைக்கு மேல் உயரம், கூரைக் கனம், சுடுதுளையின் வெளி அகலமும் உயரமும்.

சுவர்க் கனத்தைச் சுடுதுளை வழியாக அளக்க வேண்டும். குச்சியை உள்ளே விட்டு உட்சுவரோடு மட்டமாக நிறுத்தி, வெளியே விரலால் பிடித்து எடுங்கள். 30 சென்டிமீட்டருக்கு அருகில் வந்தால் துப்பாக்கிக் குண்டு தாங்கும் தரம், ஒரு மீட்டரைத் தாண்டினால் பீரங்கிக் குண்டு தாங்கும் தரம். கவனிக்க வேண்டியது: பல இடங்களில் மரத்துக்குப் பதில் செங்கல் சுவரையே சென்ட்ரிங்காக எழுப்பி உள்ளே கலவை கொட்டினார்கள். அந்தச் செங்கல் அப்படியே நிற்கும், கனத்தில் 11 சென்டிமீட்டர் கூடிவிடும். செங்கல் தனி, கான்கிரீட் தனி என்று எழுதுங்கள்.

திசைகாட்டியைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்காதீர்கள். உள்ளே கம்பி ஓடுகிறது, முள் இருபது முப்பது டிகிரி பொய் சொல்லும். நாலைந்து மீட்டர் விலகி, முகத்துக்கு நேராக நின்று பாருங்கள். கிரிட் எண்ணையும் வெளியே திறந்தவெளியில் எடுங்கள், கான்கிரீட் கூட்டுக்குள் கைப்பேசி தடுமாறும். இரண்டு நிமிடம் அசையாமல் வைத்திருந்து எண் நிலைத்த பிறகு குறிக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு முகமும் குச்சியுடன் ஒருமுறை, குச்சியில்லாமல் ஒருமுறை. சுடுதுளையிலிருந்து வெளியே தெரியும் காட்சியும் ஒன்று. அதுதான் அந்த இடத்தில் ஏன் கட்டினார்கள் என்பதற்கான விடை. உள்ளே அனுமதி இருந்தால், நடுவில் நிற்கும் ஒய் வடிவச் சுவரை விட்டுவிடாதீர்கள், உள்ளே புகுந்த குண்டு எகிறித் திரிவதைத் தடுக்க வைத்தது அது. பிறகு கைக்கெட்டும் தூரத்தில் டார்ச்சைச் சுவரோடு படுக்கவைத்து அடியுங்கள். பலகையின் நார், கணு, ஆணித் தலையின் வட்டம், இரண்டு பலகைக்கிடையில் பிதுங்கி வழிந்த கலவை எல்லாம் 1940இல் காய்ந்தபடியே இருக்கும். சுடுதுளையின் உட்பக்கம் மரத் தட்டு பொருத்திய பள்ளம், சில இடங்களில் மரமே கூட மிஞ்சியிருக்கும். ஈரக் கலவையில் யாராவது குச்சியால் கீறிய தேதியோ பெயரோ இருந்தால் பாசியைச் சுரண்டாதீர்கள், ஒளியைச் சாய்த்தாலே படிக்கலாம்.

ஒரு பில்பாக்ஸுக்கு முதல் முறை ஒன்றரை மணி நேரம் ஆகும். பழகினால் நாற்பது நிமிடம்.

9. லண்டன் கியூ காப்பகத்தில் ஆவணம் பார்க்க

இது எல்லோருக்கும் தேவையில்லை. எந்தப் படைப்பிரிவு கட்டியது, எந்த மாதம் என்று அறிய வேண்டுமென்றால் மட்டும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். உள்நாட்டுப் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 166 என்ற தொகுப்பிலும், தலைமையகத் தாள்கள் டபிள்யூ.ஓ. 199 என்ற தொகுப்பிலும் இருக்கின்றன. இணையப் பட்டியலில் கோப்பு எண்ணைக் கண்டுபிடித்து, போவதற்கு முன்பே பதிவு செய்து வைத்தால் நாள் வீணாகாது. ஞாயிறும் திங்களும் திறப்பதில்லை.

மூல ஆவணம் பார்க்க ரீடர்ஸ் டிக்கெட் வேண்டும், இலவசம். பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, இரண்டும் அசலாக. ஓட்டுநர் உரிமம் ஒன்றையே இரண்டுக்கும் காட்ட முடியாது. பாஸ்போர்ட்டும் வங்கி அறிக்கையும் கொண்டுபோனால் சிக்கலில்லை. உள்ளே பென்சில் மட்டுமே. படம் உங்கள் கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

அங்கே காத்திருக்கும் பெரிய கண்ணி: 1940 நாட்குறிப்பில் இருக்கும் ஆறு இலக்க எண் இன்றைய தேசிய கிரிட் அல்ல. அப்போது ராணுவம் காசினி கிரிட் என்ற வேறொரு முறையைப் பயன்படுத்தியது. அப்படியே இன்றைய வரைபடத்தில் வைத்தால் பல மைல் தள்ளி ஏதோ ஒரு மேய்ச்சல் நிலத்தைக் காட்டும். மாற்றித் தரும் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகும் பக்கத்தில் ஒரு பாலமோ பண்ணைப் பெயரோ பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

10. முதல் பயணத்துக்கு எங்கே

அனுமதிக் கடிதம், கட்டணம் எதுவும் இல்லாமல் தொடங்க கென்னட்-ஏவன் கால்வாய்தான் என் தேர்வு. ஹங்கர்ஃபோர்டிலிருந்து தீல்வரை ரயில் பாதை கால்வாயை ஒட்டியே ஓடுகிறது. ஹங்கர்ஃபோர்டில் இறங்கிக் கின்ட்பரிவரை நடந்தால் ஐந்து கிலோமீட்டர் சொச்சம், அங்கே ரயிலேறித் திரும்பலாம். சர்ரேயின் வேவர்லி மடத்து இடிபாட்டைச் சுற்றிப் பில்பாக்ஸும் டாங்கித் தடுப்புக் கூம்புகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன, நுழைவு இலவசம். சசெக்ஸின் கக்மியர் ஹேவன், வேல்ஸின் ஃபேர்போர்ன், ஸ்காட்லாந்தில் லாசிமவுத் பக்கத்துக் கடற்கரைக் காடு, மூன்றிலும் கட்டை வரிசைகளைக் கண்ணெட்டும் தூரம்வரை பார்க்கலாம். பெவன்சி கோட்டையின் உட்பகுதிக்கு மட்டும் கட்டணம் உண்டு, போகும் நாளின் விலையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. பதிவை அனுப்புதல்

அந்தக் கவுன்டி ஹெச்.இ.ஆர். அலுவலகத்துக்கு ஒரே மின்னஞ்சல், ஒரு கட்டுமானத்துக்கு ஒரு தாள். அதில்: எட்டு அல்லது பத்து இலக்கக் கிரிட் எண், பார்த்த தேதி, வகை, அளவுகள், கட்டுமானப் பொருள், இன்றைய நிலை, எந்தத் திசை நோக்கியது, அவர்களிடம் ஏற்கெனவே பதிவு இருந்தால் அதன் எண். ஆறு படம் போதும், அறுபது வேண்டாம். கோப்புப் பெயரில் கிரிட் எண்ணும் முக எண்ணும் இருக்கட்டும். படங்களைப் பதிவேட்டில் பயன்படுத்த அனுமதிக்கிறேன் என்று ஒரு வரி எழுதாவிட்டால் அவர்களால் வெளியிட முடியாது. நிலக்காரரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தாளில் போடாதீர்கள். வௌவால் தடயம் பார்த்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், பொதுப் பதிவில் வரக் கூடாது.

தனியாருக்கு ஹெச்.இ.ஆர். கட்டணம் கேட்பது அரிது, வணிகத் தேடலுக்குத்தான் வாங்குவார்கள். ஆனால் பல கவுன்டிகளில் இந்த வேலைக்கு ஓரிருவர்தான் இருக்கிறார்கள், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். இரண்டு மாதம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், வாரம் ஒன்று அனுப்ப வேண்டாம்.

கட்டடம் இடிபடும் ஆபத்தில் இருக்கிறது என்றால் ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு லிஸ்டிங் விண்ணப்பம் போடலாம். வழக்கமான விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, விரைவாக முடிக்கும் சேவைக்குத்தான் பணம். வெறுமனே 'பழையது, அரியது' என்று எழுதினால் நிராகரிப்பார்கள். நிலை முழுமையாக இருப்பது, சுற்றியுள்ள அகழியோ தடுப்புக் கட்டையோ சேர்ந்து மிஞ்சியிருப்பது, ஆவணத்தோடு பொருந்துவது, இவற்றில் உங்களிடம் உள்ளதைப் படத்தோடு காட்டுங்கள்.

பதிவேற்றம் முடிந்ததும் ஒரு எண் வரும். அந்த எண்ணை உங்கள் நோட்டின் அதே பக்கத்திலும் படங்களின் கோப்புறையிலும் எழுதிவைத்துவிட்டு, நிலக்காரருக்கு வாக்களித்த படங்களை அனுப்புங்கள். அடுத்த வயலில் இருக்கும் பில்பாக்ஸும் பெரும்பாலும் அவருடையதுதான்.